சிவப்பு மையில் நூற்று எண்பத்தொரு பேர்

சாம்பு சார் ஒரு கடிதத்தைக் கடிதம் என்று ஒப்புக்கொள்ள வேண்டுமென்றால் தலைப்பில் கம்பெனிப் பெயர் இருக்க வேண்டும், அடியில் கையெழுத்து இருக்க வேண்டும், கையெழுத்தின்மேல் பாதி ஏறி உட்கார்ந்த ரப்பர் முத்திரையும் இருக்க வேண்டும். இதில் எது குறைந்தாலும் அவருக்கு அது மொட்டைக் கடுதாசி. பெங்களூரில் ஒரு சர்க்கார் தொழிற்சாலையின் பணியாளர் பிரிவில் முப்பத்து நாலு வருடம் இருந்து ஓய்வு பெற்றவர். சொந்த ஊரான மைசூருக்குத் திரும்பி வந்து பூஜை, நடைப்பயிற்சி என்று இருந்திருக்கலாம். அமெரிக்காவிலிருந்த மகன் சும்மா விடவில்லை. ஹெப்பாள் தொழிற்பேட்டையில் ஒரு மாடியை வாடகைக்குப் பிடித்து, சாஃப்ட்வேர் கம்பெனி ஒன்றைத் தொடங்கி, அப்பாவை எம்.டி. நாற்காலியில் உட்கார வைத்துவிட்டான். அது 1999ஆம் வருடம். அப்போது யார் வேண்டுமானாலும் சாஃப்ட்வேர் கம்பெனி தொடங்கலாம் என்று ஒரு நம்பிக்கை ஊரில் இருந்தது.

அந்தக் கம்பெனியில் ஆள் எடுக்கும் வேலையைப் பார்த்தவள் சொர்ணலதா. வயது இருபத்தாறு. அசோகபுரம் ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் ஃபிட்டராக இருந்தவரின் மகள். வீட்டில் தமிழ் பேசினாலும் படித்ததெல்லாம் கன்னடத்தில்தான். ஒரு வருட தகுதிகாண் காலத்தில் இருந்தாள். நவம்பர் முப்பதாம் தேதி வேலை நிரந்தரமாக வேண்டும். "நவம்பரோட எம் பொண்ணு பர்மனன்ட்" என்று அவள் அப்பா தெருவில் ஒருவர் விடாமல் சொல்லி வைத்திருந்தார். நிரந்தரமாகாமல் போனால் அந்தத் தெருவில் ஒவ்வொருவருக்கும் அவள்தான் பதில் சொல்ல வேண்டியிருக்கும்.

சாம்பு சாருக்கு ஈமெயில் என்பது அறுபத்தொரு வயதில் பிடித்த பக்தி. புதிதாக மாலை போட்டவர்களின் தீவிரம் அவரிடம் இருந்தது. "இனிமே இந்த ஆபீஸ்லேருந்து தபால் போகப்படாது. நாம சாஃப்ட்வேர் கம்பெனி. ஸ்டாம்ப் ஒட்டிண்டிருந்தா அமெரிக்காக்காரன் சிரிப்பான்" என்று முதல் நாளே சொல்லிவிட்டார். ஆனால் முத்திரையையும் விட முடியவில்லை. யோசித்து ஒரு வழி கண்டுபிடித்தார். தேர்வுக்கு அழைக்கும் கடிதத்தைத் தாளில் அச்சடித்து, அவர் கையெழுத்திட்டு, முத்திரை குத்தி, அதை வண்ணத்தில் ஸ்கேன் செய்து, அந்தப் படத்தை மெயிலோடு இணைத்து அனுப்ப வேண்டும். படம் ஒன்றே முக்கால் எம்.பி. கனம் இருந்தது. பழைய பக்தியும் கெடவில்லை, புதிய பக்தியும் கெடவில்லை.

அத்தோடு விட்டிருந்தால்கூடப் பிழைத்திருக்கும். நல்ல நேரமும் பார்த்தார். செப்டம்பரில் இருநூற்று நாற்பது பேரை எழுத்துத் தேர்வுக்கு அழைக்க வேண்டியிருந்தது. திங்கட்கிழமை ஒன்பதரையிலிருந்து பத்தரைக்குள் அத்தனையும் போய்விட வேண்டும் என்றார். பத்தரைக்கு எமகண்டம் தொடங்கிவிடும். கம்ப்யூட்டர்களையும் வெளியே போகும் இணைப்பையும் பார்த்துக்கொள்ளும் சேகரன், எல்லா விலாசங்களையும் ஒரே கடிதத்தில் கோத்து வைத்திருந்தான். சாம்பு சார் மானிட்டரின் நெற்றியில் குங்குமம் வைத்தார். சேகரன் ஒரு பொத்தானை அழுத்தினான். ஒன்பதே முக்காலுக்குள் எல்லாம் முடிந்துவிட்டது. ஆபீசில் எல்லோருக்கும் மைசூர்பாகு கொடுத்தார்கள்.

ஐம்பத்தொன்பது பேர் வருகிறோம் என்று பதில் போட்டார்கள். மீதி நூற்று எண்பத்தொரு பேரிடமிருந்து ஒன்றும் இல்லை. கிணற்றில் போட்ட கல்தான்.

தொழிற்சாலையில் சாம்பு சார் கடைப்பிடித்த விதி ஒன்று உண்டு. அழைப்புக்குப் பத்து நாளில் பதில் வராதவனை ரிஜிஸ்டரில் சிவப்பு மையால் குறிக்க வேண்டும். பிறகு அவனை எந்தக் காலத்திலும் கூப்பிடக் கூடாது. ரிஜிஸ்டர் தபாலை வாங்க மறுத்தவனும் இவனும் ஒன்று என்பது அவர் நியாயம். பதினோராம் நாள் சொர்ணலதா சிவப்புப் பேனாவை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தாள். நூற்று எண்பத்தொரு பெயருக்கு நேராக "நாட் இன்டரஸ்டட்" என்று எழுதி, ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் தன் சுருக்கக் கையெழுத்தைப் போட்டாள். மத்தியானம் முழுக்க ஆயிற்று. அப்போது அவளுக்கு எந்த உறுத்தலும் இல்லை. கை வலித்தது, அவ்வளவுதான்.

ஐம்பத்தொன்பது பேரில் ஒன்பது பேர் தேறினார்கள். டிசம்பரில் தொடங்கும் வேலைக்கு முப்பது பேர் வேண்டும். "மைசூர் பசங்களுக்கு அக்கறையே இல்லே. பெங்களூர் பேப்பர்ல விளம்பரம் போட்டுடலாம்" என்றார் சாம்பு சார். சொர்ணலதாவும் ஆமாம் என்றுதான் சொன்னாள்.

தீபாவளி முடிந்த செவ்வாய்க்கிழமை, ஒரு பையன் ஆபீஸ் வாசலில் வந்து நின்றான். இருபத்திரண்டு, இருபத்து மூன்று வயது இருக்கும். கையில் பிளாஸ்டிக் ஃபைல். விடிவதற்குள் பஸ் ஏறியிருக்க வேண்டும். சட்டையின் ஒரு பக்கம் ஜன்னல் தூசி படிந்திருந்தது.

"உதயகுமாருங்க. மார்டள்ளியிலிருந்து வர்றனுங்க" என்றான். தமிழ்நாட்டு எல்லைக்குப் பக்கத்திலிருக்கும் அந்த ஊரை சொர்ணலதா பெயராகத்தான் கேள்விப்பட்டிருந்தாள். "ஆகஸ்ட்லயே அப்ளிகேஷன் போட்டனுங்க. எங்கூட மண்டியா காலேஜ்ல படிச்ச ஜடையனுக்குக் கூப்புட்டு வந்துச்சுங்க. அவன் வந்து டெஸ்டும் எழுதிட்டுப் போயிட்டான். எம் மார்க்கு அவனவிட ஜாஸ்திங்க. எனக்கு மட்டும் ஏனுங்க வர்ல?"

"மெயில் பாக்கறீங்களா ஒழுங்கா?" என்று சொர்ணலதா கேட்டாள். கொஞ்சம் அதிகாரமாகவே கேட்டாள்.

"எங்கூர்ல ஏதுங்க கம்ப்யூட்டரு? ஞாயித்துக்கெழம ஞாயித்துக்கெழம கொள்ளேகாலம் போயிப் பாக்கறனுங்க. ரெண்டு மணி நேரத்துக்கும் மேல பஸ்சு. ஒரு வாரங்கூட விட்டதில்லீங்க. எங்கப்பன் நான் சினிமாவுக்குப் போறன்னுதான் நெனச்சுட்டிருக்காரு. 'உனக்கு எவன்டா லெட்டர் போடப் போறான், அப்ளிகேஷனே போட்டிருக்க மாட்டே'ங்கறாரு. ஊர்ல அல்லாருங் கூடச் சேந்து சிரிக்கறாங்க."

சொர்ணலதா ரிஜிஸ்டரை எடுத்துப் புரட்டினாள். தொண்ணூற்று நாலாவது பெயர். அதற்கு நேராகச் சிவப்பு மையில் அவளுடைய எழுத்து, அவளுடைய கையெழுத்து. அக்கறை இல்லை என்று அவள் எழுதி வைத்த ஆள், சட்டையெல்லாம் தூசியாக எதிரே நின்றுகொண்டிருந்தான். அவள் ரிஜிஸ்டரைச் சட்டென்று மூடினாள்.

"பாத்துட்டுச் சொல்றேன்" என்றாள்.

"எப்பங்க? ஜனவரியிலிருந்து தொண்ணூத்தெட்டுல முடிச்சவங்கள எடுக்க மாட்டாங்கன்னு ஜடையன் சொன்னான். நான் தொண்ணூத்தெட்டுங்க."

அது உண்மைதான். அந்த இருநூற்று நாற்பது பேரும் தொண்ணூற்றெட்டில் படிப்பை முடித்தவர்கள். வருடம் திரும்பினால் புதிதாக முடித்தவர்களைத்தான் எடுப்பார்கள். "மெயில் வரும், பாருங்க" என்று சொல்லி அவனை அனுப்பிவிட்டாள். எந்த தைரியத்தில் அப்படிச் சொன்னாள் என்பது அவளுக்கே தெரியவில்லை.

அவன் படியிறங்கிய கையோடு சேகரனிடம் போனாள். சேகரன் என்.ஆர். மொஹல்லாவில் பிறந்து வளர்ந்த தமிழன். கோபம் வந்தால் கன்னடத்தில் திட்டுவான், பயம் வந்தால் தமிழுக்கு வருவான்.

"சேகர், செப்டம்பர்ல அனுப்பின மெயில் எல்லாருக்கும் போச்சுன்னு எப்படித் தெரியும்?"

"நான் அனுப்பினேனே."

"போய்ச் சேந்துச்சான்னு கேக்கறேன். சேரலைன்னா திரும்பி வருமில்ல?"

"திரும்பி வந்தா எம்.டி. பெட்டிக்குத்தான் வரும். அவர் பேர்லதான அனுப்பினோம்" என்றவன் கொஞ்சம் நிதானித்துச் சொன்னான், "வந்திருக்கு. நெறைய."

சாம்பு சார் திரையில் மெயில் படிக்கமாட்டார். தினமும் காலையில் சேகரன் அவற்றை அச்சடித்து மேஜைமேல் வைக்க வேண்டும். முதல் மாதமே அவர் ஒரு உத்தரவு போட்டிருந்தார்: மனுஷர்கள் எழுதியதை மட்டும் கொண்டு வா, மெஷின் எழுதுவதெல்லாம் எனக்கு வேண்டாம். சேகரன் உத்தரவை அட்சரம் பிசகாமல் காப்பாற்றிவிட்டான்.

"சும்னே மெஷின் அனுப்பறதுதான சொர்ணா. அவரே பேடா, வேண்டாம்னுட்டாரு. நான் என்ன பண்றது?" என்றான். கன்னடம் ஒட்டிக்கொண்டிருந்தாலும் தமிழுக்கு வந்துவிட்டான் என்பதிலேயே அவன் பயம் தெரிந்தது.

பெட்டியில் நூற்று அறுபத்து மூன்று கிடந்தன. இரண்டு மாதமாக, யாரும் திறக்காமல். சொர்ணலதா ஒவ்வொன்றாகப் படித்தாள். மெஷின் எழுதியதென்றாலும் ஒன்றும் புரியாத பாஷை இல்லை. காரணத்தை ஒழுங்காகச் சொல்லியிருந்தது. பையன்கள் எல்லாரும் இலவச மெயில் பெட்டி வைத்திருந்தவர்கள். அதில் மொத்தம் இரண்டு எம்.பி. இடம். அதற்குள் முத்திரையும் கையெழுத்துமாக ஒன்றே முக்கால் எம்.பி. நுழைய வேண்டும். பெட்டியில் பழைய கடிதம் நாலு கிடந்தாலே போதும், இடமில்லை என்று கதவைச் சாத்திவிட்டது. பாதிக்கு மேல் அப்படித் திரும்பியவை. மற்றவை, ஒரே கடிதத்தை இத்தனை பேருக்கு ஒரே மூச்சில் அனுப்புகிறவர்களிடம் வாங்குவதில்லை என்று திருப்பி அனுப்பப்பட்டவை. நல்ல நேரத்துக்குள் முடிக்க வேண்டும் என்று கொட்டியதில் வந்த வினை.

"மிச்சம் பதினெட்டு?" என்று கேட்டாள். சேகரன் உதட்டைப் பிதுக்கினான்.

மறுநாள் ஆபீஸ் விட்டதும் சரஸ்வதிபுரத்தில் ஒரு பிரவுசிங் சென்டருக்குப் போனாள். தன் பெயரில் ஒரு இலவசப் பெட்டி திறந்தாள். சேகரனுக்குப் போன் செய்து, செப்டம்பரில் அனுப்பியதைப் போலவே ஒன்றை ஆபீஸ்காரர்களின் நாற்பது விலாசங்களோடு சேர்த்துத் தனக்கு அனுப்பச் சொன்னாள். கால் மணி நேரம் காத்திருந்தாள். பெட்டியில் ஒன்றும் இல்லை. பக்கத்தில் விளம்பரக் கடிதங்களுக்கென்று தனியாக ஒரு அறை இருந்தது. அதைத் திறந்து பார்த்தாள். உடம்பு இளைக்க ஒரு மருந்துக்கும், வீட்டிலிருந்தே பணக்காரனாகும் வழிக்கும் நடுவில் சாம்பு சார் தம் முத்திரையோடு கிடந்தார். தலைப்பு முழுக்கப் பெரிய எழுத்தில் "அர்ஜென்ட்! கங்கிராஜுலேஷன்ஸ்!" என்று மூன்று மூன்று ஆச்சரியக்குறியோடு கத்திக்கொண்டிருந்தது. அதுவும் அவர் சொல்லி வைத்ததுதான். மிச்சம் பதினெட்டும் இப்படித்தான் கிடந்திருக்கும். சொர்ணலதாவுக்குச் சிரிப்பு வந்தது. அந்தப் பையன் நினைவு வந்ததும் நின்றுவிட்டது.

பிறகு ஒன்றொன்றாக மாற்றிப் பார்த்தாள். படத்தை எடுத்துவிட்டு, தலைப்பில் பெயரையும் தேர்வுத் தேதியையும் சாதாரண எழுத்தில் போட்டு, தனக்கு மட்டும் அனுப்பச் சொன்னாள். இரண்டே நிமிடத்தில் நேராக முன் பெட்டியில் வந்து உட்கார்ந்தது. மூன்று தடவை செய்தார்கள். மூன்று தடவையும் வந்தது.

வியாழக்கிழமை சாம்பு சாரின் அறைக்குப் போய் எல்லாவற்றையும் சொன்னாள். அவர் குறுக்கே பேசாமல் கேட்டார். அது அவருடைய நல்ல குணங்களில் ஒன்று.

"திரும்பி வந்ததை யாரும் என்கிட்ட காட்டலையேம்மா."

"மெஷின் எழுதினது வேண்டாம்னு நீங்கதான் சார் சொன்னீங்க."

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "முத்திரை இல்லாம அனுப்பினா அவா எப்படி நம்புவா? எவனோ மொட்டைக் கடுதாசி போட்டிருக்கான்னு விட்டுட மாட்டாளா?"

"வந்து சேந்தாத்தான சார் நம்பறதும் நம்பாததும்."

பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்கிற ஆள்தான் என்றாலும் கணக்கு தெரியாதவர் இல்லை. பெங்களூர் விளம்பரம் கொடுத்து, விண்ணப்பம் வாங்கி, ஆள் பிடிக்க டிசம்பர் தாண்டிவிடும். "சரி, படம் வேண்டாம். தனித்தனியாவே அனுப்பு" என்றார். "ஆனா ரிஜிஸ்டர் என்ன ஆறது? சிவப்பு மை விழுந்தவனைக் கூப்பிடறதில்லேன்னு நான்தான் எழுதி வெச்சிருக்கேன்."

"அடிச்சுத் திருத்திடறேன் சார்."

"அடிக்கலாம். ஒவ்வொண்ணையும் கோடு போட்டு அடிச்சு, பக்கத்தில 'தவறுதலாக எழுதப்பட்டது'ன்னு எழுதி, கையெழுத்து போடணும். எழுதினவாதான் போடணும்." கழற்றிய கண்ணாடியை மாட்டிக்கொண்டார். "நம்ம ரூல் உனக்குத் தெரியுமோன்னோ? ரிஜிஸ்டர்ல வருஷத்துக்கு அஞ்சு திருத்தத்துக்கு மேல இருந்தா நான் கன்ஃபர்மேஷன்ல கையெழுத்து போடறதில்லே. ஃபேக்டரியில சொந்தத் தங்கை பிள்ளைக்கே போடலே."

"தப்பு என்னோடது மட்டும் இல்லியே சார்."

"இல்லேதான். ஆனா ரிஜிஸ்டர்ல உன் கையெழுத்துன்னா இருக்கு? நாளைக்குச் சொல்லு. அவசரமில்லே."

பழி ஓரிடம், பாவம் ஓரிடம் என்பார்கள். முத்திரை குத்தச் சொன்னது ஒருவர், பொத்தானை அழுத்தியது ஒருவர், திரும்பி வந்ததைத் திறக்காமல் விட்டது இரண்டு பேர். கையெழுத்து மட்டும் அவளுடையது. அன்று சாயங்காலம் வீட்டில் அப்பா, நிரந்தரமானதும் எந்தக் கோவிலுக்குப் போகலாம் என்று பேசிக்கொண்டிருந்தார். சொர்ணலதா ரசத்தைச் சாதத்தில் ஊற்றியபடி கேட்டுக்கொண்டிருந்தாள். பேசாமல் இருந்துவிட்டால் என்ன என்றும் தோன்றாமல் இல்லை. நூற்று எண்பத்தொரு பேருக்கும் தங்களைக் கூப்பிட்டதே தெரியாது. தெரியாததை யாரும் வந்து கேட்கப் போவதில்லை. ஒருவனைத் தவிர. அவனும் பெட்டியைத் திறந்து பார்த்துப் பார்த்து, ஒரு நாள் அலுத்து நின்றுவிடுவான். இதை நினைத்ததும் அவளுக்குத் தன்மேல் ஒரு அருவருப்பு வந்தது. அடுத்தபடியாக சாம்பு சார்மேல் கோபம் வந்தது. கோபம்தான் அவளுக்கு உதவியாக இருந்தது.

வெள்ளிக்கிழமை காலையில் ரிஜிஸ்டரை விரித்தாள். ஸ்கேலை வைத்துக் கோடு போட்டாள், எழுதினாள், கையெழுத்திட்டாள். ஆறாவது கையெழுத்தில் கொஞ்சம் நின்றாள். பிறகு நிற்கவில்லை. சேகரன் இரண்டு தடவை வந்து பார்த்துவிட்டு, காபி வைத்துவிட்டுப் போனான். சாயங்காலம் நாலரைக்கு நூற்று எண்பத்தொன்றும் முடிந்தது.

தேர்வை நவம்பர் இருபத்தேழு சனிக்கிழமைக்கு வைத்தார்கள். கடிதங்களைப் பதினைந்தாம் தேதி திங்கட்கிழமையே அனுப்பிவிட வேண்டும் என்று சொர்ணலதா பிடிவாதமாக நின்றாள். நடுவில் ஒரு ஞாயிற்றுக்கிழமை கட்டாயம் வேண்டும். வாரத்துக்கு ஒரு தடவை மெயில் பார்க்கிறவர்கள் அன்றுதான் பார்ப்பார்கள். இதை அவளுக்குச் சொல்லிக் கொடுத்தது எந்தப் புத்தகமும் இல்லை.

"முதல் மெயிலாவது நல்ல நேரத்தில போகட்டும்மா" என்றார் சாம்பு சார். அவர் குரலில் ஒரு கெஞ்சல் இருந்தது. அவள் ஒப்புக்கொண்டாள்.

ஒன்பது முப்பத்தைந்துக்கு முதல் கடிதம் போயிற்று. மூன்று நிமிடத்துக்கு ஒன்று. ஒவ்வொன்றிலும் அந்த ஆளின் பெயர், படித்த காலேஜ், தேர்வு நாள், வர வேண்டிய வழி, கீழே ஆபீஸ் போன் நம்பர். எமகண்டம் வந்தது, போயிற்று. எமகண்டத்தில் மட்டும் முப்பது பேருக்குப் போயிற்று. சாம்பு சார் அந்த ஒன்றரை மணி நேரமும் தன் அறைக் கதவைச் சாத்திக்கொண்டார். நடுவில் இரண்டு தடவை லைன் அறுந்தது. சொர்ணலதா நாற்காலியிலேயே பிஸிபேளேபாத் பொட்டலத்தைப் பிரித்துச் சாப்பிட்டாள். கடைசிக் கடிதம் போனபோது ஏழு மணி. திரும்பி வந்தவை ஆறே ஆறு. ஆறிலும் விலாசத்தைத் தட்டச்சு செய்ததில் பிழை. விண்ணப்பத்தைப் பார்த்துத் திருத்தி மறுபடி அனுப்பினாள். அவை திரும்பி வரவில்லை.

புதன்கிழமைக்குள் எழுபது பேர் பதில் போட்டுவிட்டார்கள். ஞாயிற்றுக்கிழமை மட்டும் நாற்பத்தைந்து வந்தது. அதில் ஒன்று கொள்ளேகாலத்திலிருந்து: "கண்டிப்பாக வருகிறேன் மேடம். நன்றி." அதை அவள் ஒரு தடவைக்கு மேல் படித்தாள்.

சனிக்கிழமை நூற்று முப்பத்தேழு பேர் வந்தார்கள். மாடியில் இடம் போதாமல் கீழே மெஷின் ஷெட்காரரிடம் கேட்டு பெஞ்சு போட்டார்கள். சாம்பு சார் கோட்டு போட்டுக்கொண்டு வந்து, வரிசை வரிசையாகப் பார்த்து, "இத்தனை பேருக்கு அக்கறை இருந்திருக்கே" என்று யாரிடமோ சொல்வதைப் போலச் சொன்னார். உதயகுமார் மெயிலை அச்சடித்து நாலாக மடித்துக் கொண்டு வந்திருந்தான். அவளைப் பார்த்துச் சிரித்துவிட்டுப் போய் உட்கார்ந்தான்.

நாலரைக்கு முடிவு தெரிந்தது. இருபத்தொரு பேர் வேண்டியிருந்த இடத்தில் இருபத்திரண்டு பேர் தேறியிருந்தார்கள். உதயகுமார் அதில் இல்லை. முதல் தாளில் நன்றாகத்தான் எழுதியிருந்தான். இரண்டாவது தாளில் மூன்று மார்க் குறைந்தது. சொர்ணலதா அவன் தாளை வாங்கி இரண்டு தடவை கூட்டிப் பார்த்தாள். இரண்டு தடவையும் அதே எண்தான் வந்தது.

சாம்பு சார் அவளைக் கூப்பிட்டார். மேஜைமேல் ரிஜிஸ்டர் விரிந்திருந்தது.

"கம்பெனிக்கு நீ பெரிய ஒத்தாசை பண்ணியிருக்கே. அமெரிக்காவில இருக்கற எம் பையனுக்கும் எழுதியிருக்கேன். ஆனா கன்ஃபர்மேஷன் இந்த வருஷம் முடியாதும்மா. இன்னும் ஒரு வருஷம் ப்ரொபேஷன் நீட்டிச்சிருக்கேன். ஒருத்தருக்காக ரூலை விட்டா அப்புறம் அது ரூலே இல்லே."

"சரி சார்" என்றாள். எதிர்பார்த்ததுதான். எதிர்பார்த்ததற்காக வலி குறைந்துவிடவில்லை. இருபத்திரண்டு பேரின் வேலைக்கு அந்த மனிதர் சந்தோஷப்படுவதும் உண்மை, தன் வேலையை நீட்டிப் போடுவதும் உண்மை, இரண்டையும் ஒரே முகத்தோடு செய்ய அவரால் முடிகிறது என்று நினைத்துக்கொண்டு வெளியே வந்தாள்.

கேட்டுக்குப் பக்கத்தில் உதயகுமார் நின்றிருந்தான். மற்றவர்கள் போய்விட்டார்கள்.

"மூணு மார்க்குங்களா?"

"ஆமா. மூணுதான்." சும்மா போயிருக்கலாம். அவளால் முடியவில்லை. "ஒண்ணு சொல்லணும். செப்டம்பர்ல உங்களையும் கூப்பிட்டோம். மெயில் உங்களுக்கு வந்து சேரலை. எங்க தப்பு. பதில் வரலைன்னு உங்க பேருக்கு நேரா, அக்கறை இல்லாதவர்னு எழுதினேன். நான்தான் எழுதினேன். உங்களுக்கு மட்டும் இல்லை, நூத்தி எண்பத்தொரு பேருக்கு."

அவன் முகம் கறுத்துப் போயிற்று. பிளாஸ்டிக் ஃபைலை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றினான்.

"ஒரு கார்டு போட்டுக் கேட்டிருக்கலாமல்லங்க?" என்றான். "அப்ளிகேஷன்ல மொதப் பக்கத்துலயே அட்ரஸ் எழுதியிருந்தனுங்களே. மார்டள்ளி, கொள்ளேகாலம் தாலூக்கா, பின்கோடு கூடப் போட்டிருந்தனுங்க. ஒரே ஒரு கார்டு."

மூன்று மாதத்தில் அந்த ஆபீசில் படித்தவர்கள் யாருக்கும் அது தோன்றவில்லை. திரும்பி வந்த ஆறு கடிதங்களுக்காக அதே விண்ணப்பங்களை எடுத்து ஈமெயில் விலாசத்தை எழுத்து எழுத்தாகப் பார்த்தபோதும், அதற்கு மேல் வரியில் வீட்டு விலாசம் இருந்தது. பார்த்தவள் அவள்தான்.

"மன்னிச்சுக்குங்க" என்றாள்.

"மன்னிச்சு என்னங்க பண்றது" என்றான் அவன். கோபம் தீர்ந்த குரல் இல்லை. சாலைப் பக்கம் திரும்பி பஸ் வருகிறதா என்று பார்த்தான். வரவில்லை. பிறகு, "இப்பவாச்சும் ஒரு கார்டு போடறீங்களா?" என்று கேட்டான்.

"உங்களுக்கா? என்னன்னு?"

"வேண்டாம்னுதாங்க. டெஸ்ட்ல பெயிலுன்னே எழுதுங்க, பரவால்லீங்க. தமிழ்ல எழுதுங்க, அப்பனுக்கு அதுதான் படிக்க வரும். கவர்ல போட்றாதீங்க. கார்டுதான் வேணுங்க. எங்கூரு போஸ்ட்மேன் கெம்பையன், கார்டுன்னா படிச்சுட்டுத்தான் குடுப்பாரு. கடைக்கு முன்னால நின்னு சத்தமாப் படிப்பாரு. அல்லாருங் கேக்கட்டும்."

பஸ் வந்தது. ஏறிப் போய்விட்டான். வருகிறேன் என்று சொல்லவில்லை.

திங்கட்கிழமை மத்தியானம் சொர்ணலதா தபாலாபீஸ் போய் ஒரு கார்டு வாங்கினாள். விலாசத்தைக் கன்னடத்தில் வேகமாக எழுதிவிட்டாள். திருப்பிப் போட்டு விஷயத்தை எழுதத்தான் நேரமாயிற்று. தமிழ் எழுத்துகளை அவள் அம்மா வீட்டில் சொல்லிக் கொடுத்ததோடு சரி; 'ண'வுக்கு எத்தனை சுழி என்று ஒரு தாளில் போட்டுப் பார்த்துக்கொள்ள வேண்டியிருந்தது. தபாலாபீஸ் மேஜையில், கோந்துக் கறைக்கு நடுவில் கார்டை வைத்து, பெரிய பெரிய எழுத்தில் எழுதினாள்:

"உதயகுமார் அவர்களுக்கு. நீங்கள் எங்கள் கம்பெனிக்கு ஆகஸ்ட் மாதம் அப்ளிகேஷன் போட்டது உண்மை. செப்டம்பரில் உங்களைக் கூப்பிட்டோம். அது உங்களுக்கு வந்து சேராதது எங்கள் தவறு. உங்களுக்கு அக்கறை இல்லை என்று எழுதி வைத்தது நான். நவம்பர் 27 கூப்பிட்டோம், வந்தீர்கள், பரீட்சை எழுதினீர்கள். மூன்று மார்க்கில் போயிற்று. நீங்கள் ஞாயிற்றுக்கிழமை தோறும் கொள்ளேகாலம் போனது இதற்காகத்தான். சொர்ணலதா."

ஒரு தடவை படித்துப் பார்த்தாள். பிழை இருக்கும் என்று தெரிந்தது. எங்கே என்று தெரியவில்லை. அப்படியே கொண்டு போய்ப் பெட்டியில் போட்டாள்.